தண்ணீர் சுமந்த அன்று எனக்கு ஆப்சென்ட்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வாசல். முன்வாசல் திருச்சுழி ரோட்டைப் பார்த்து இருக்கும். பின்வாசல் உப்புக் கிணற்றைப் பார்த்து இருக்கும். ஒரே ஓலைக் கொட்டகைக்குள் ஐந்து வகுப்பும் ஒரே வாத்தியாரும். பிள்ளைகளை உட்கார வைப்பதற்கு அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். "ஒசரம் பாத்து உக்காருங்க. குட்டை முன்னால, நெட்டை பின்னால" என்று வருஷத்தின் முதல் நாளே சொல்லிவிடுவார். நியாயமான மனிதர். அந்தக் கணக்குப்படி மூன்றாம் வகுப்பிலேயே குட்டையான நான் கடைசி வரிசையில், பின்வாசலை ஒட்டி உட்கார்ந்தேன். என்னைவிட ஒரு சாண் நெட்டையான என் அத்தை மகள் முதல் வரிசையில் நட்டநடுவாக உட்கார்ந்தாள். சிலருடைய கண் அப்படித்தான் அளக்கும்.

அவள் அவித்து உரித்த பனங்கிழங்கு நிறம். வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. ஒரே சனம், ஒரே தெரு, ஒரே கம்மங்கஞ்சி. வித்தியாசம் என்று பார்த்தால் மூஞ்சி ஒன்றுதான்.

என் மூஞ்சியைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கூட்டிச் சொல்லுவார்கள். எனக்கு ஐந்து வயது இருக்கும்போது பெரியம்மை வந்தது. எங்கள் பக்கத்தில் அதை நோய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்பார்கள். உடம்பில் எழும்பும் கொப்புளத்துக்கு முத்து என்று பெயர். ஆத்தா எனக்குக் கை ஓயாமல் முத்துப் போட்டாள். நெற்றி, கன்னம், நாடி என்று ஓர் இடம் பாக்கி வைக்கவில்லை. போகும்போது மூக்கு நுனியில் ஒரு கிள்ளு கிள்ளி எடுத்துக்கொண்டும் போனாள். நிறம் கரிசல் மண்ணின் நிறம். அதற்கு ஆத்தா பொறுப்பில்லை, அது அய்யா வழி. அவள் வந்து போனதைப் பற்றி எங்கள் வீட்டில் பிறகு பேச்சே கிடையாது. அம்மா மாரியம்மன் கோயில் பொங்கலுக்குப் போவதையும் அந்த வருஷத்தோடு விட்டுவிட்டாள்.

எதிரே வரும் பொம்பளைகள் என்னைக் கண்டால் முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிடுவார்கள். கும்பிட்ட கையாலேயே தங்கள் பிள்ளையை இழுத்து அந்தப் பக்கம் நிறுத்திக்கொள்வார்கள். பக்தியும் பயமும் ஒரே கையில் இருந்தன. பள்ளிக்கூடத்தில் பக்தி கிடையாது.

இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று ஒரு நாள் வாத்தியார் சொன்னார். பள்ளிக்கூடமே ஆடிப்போனது. சாணி போட்டு மெழுகினோம், முன்வாசலில் மாவிலை கட்டினோம். முதல் நாள் சாயங்காலம் வாத்தியார் எங்களை வரிசையாக நிறுத்தி, மாட்டுச் சந்தைக்கு வந்தவர் மாதிரி ஒவ்வொருவரையும் மேலும் கீழும் பார்த்தார். என்னிடம் வந்ததும் அவருக்குக் கழுத்து வலித்திருக்க வேண்டும், சட்டென்று திரும்பிக்கொண்டார்.

"நீ நாளைக்குத் தண்ணி பாத்துக்க."

"பாடம் சார்?"

"பாடம் எங்க போகுது? இன்ஸ்பெக்டருக்கு நாக்கு வறண்டா யாரு பதில் சொல்றது?"

மூன்றாம் வகுப்புப் பாடம் முழுவதும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். யாராவது கேட்க மாட்டார்களா என்று நாக்கு நுனியிலேயே வைத்திருந்தேன். கேட்டால் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு முன்வரிசைக்குப் போய்விடலாம் என்று நினைப்பு. குட்டைப் பிள்ளையின் மூளையும் குட்டைதான்.

எங்கள் கிணறு வாயில் வைக்க முடியாத உப்பு. நல்ல தண்ணீர் ஊருணியில்தான். கம்மங்காட்டு வரப்பு வழியாக அரை மைல். விடிந்ததும் இரண்டு குடம் சுமந்தேன். கரையோரம் கலங்கலை விலக்கி, உள்ளே இறங்கித் தெளிந்த தண்ணீராக மோந்து, துணியில் வடிகட்டி, செம்பில் ஊற்றிப் பின்வாசலில் வந்து நின்றேன். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு காலை உள்ளே வைத்தேன்.

"அங்கனயே நில்லு" என்றார் வாத்தியார். பிறகு முன்வரிசையைப் பார்த்து, குரலில் வெல்லம் போட்டு, "ஏ தாயி, நீ வந்து வாங்கிக் குடும்மா" என்றார்.

என் அத்தை மகள் எழுந்து வந்தாள். என் கையிலிருந்து செம்பை வாங்கினாள். ஏழு எட்டு அடி நடந்தாள். அந்த ஏழு எட்டு அடிக்குத்தான் பேர் வந்தது.

"அமிர்தமா இருக்கே!" என்றார் இன்ஸ்பெக்டர். "எங்க கொண்டாந்த?"

"ஊருணி" என்றாள்.

"அடடே, அம்புட்டுத் தூரம் போனியா!" என்று கன்னத்தைத் தட்டினார். "நல்லாப் படிக்கிற பிள்ளைன்னு மொகத்துலயே தெரியுதே" என்றார். ஓர் எழுத்துக்கூட அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாவம், அவள் திணறியிருப்பாள். பாடமெல்லாம் கன்னத்தில் எழுதியிருக்கும்போது வாயை எதற்குத் திறக்கச் சொல்ல வேண்டும்?

பிறகு வாத்தியார் ரிஜிஸ்டரை எடுத்து வாசித்தார். என் பெயர் வந்தது. நான் வாசலுக்கு வெளியே நின்றபடி "உள்ளேன் ஐயா" என்றேன். வாத்தியார் தலையைத் தூக்கவில்லை. "வரலை" என்று தானே சொல்லிக்கொண்டு ஒரு சுழி போட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. காது கேட்கவில்லையோ என்று, இன்னும் கொஞ்சம் சத்தமாக, "உள்ளேன் ஐயா" என்றேன்.

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். "யாரு அது?"

"தண்ணி கொண்டு வர்ற பிள்ளைங்கய்யா" என்றார் வாத்தியார்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு மீதித் தண்ணீரைச் செம்போடு கீழே வைத்துவிட்டார். அதற்கு மேல் குடிக்கவில்லை. அமிர்தம் அதற்குள் புளித்துவிட்டது.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. வரவில்லை என்று எழுதியாயிற்று. பெரிய மனிதர் எழுதியதைப் பொய்யாக்கக் கூடாது என்று வீட்டிலேயே இருந்துகொண்டேன். அம்மா ஒரு வாரம் பார்த்தாள்.

"ஏ கழுத, பள்ளிக்கூடம் போகலையா?"

"போகலை."

"அடிச்சாரா?"

"இல்ல."

"அப்பறம்?"

நான் இருந்தேன், இல்லை என்று எழுதிவிட்டார்கள் என்பதை எட்டு வயதில் எப்படிச் சொல்லுவது? "சும்மாதான்" என்றேன். அம்மா ஆட்டுக்கயிற்றை என் கையில் கொடுத்தாள். என் படிப்பு அந்த அளவில் பூர்த்தியானது. இன்றைக்கு நான் எழுதுவது எல்லாம் அந்த மூன்றாம் வகுப்பு எழுத்துத்தான். கொம்பும் காலும் இடம் மாறியிருந்தால் வாத்தியாரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு பருத்தி எடுத்தேன், களை வெட்டினேன், வயசுக்கு வந்த பிறகு அருப்புக்கோட்டையில் ஒரு வத்தல் கடைக்கு மிளகாய்க்குக் காம்பு கிள்ளப் போனேன். பார்க்க லட்சணமானவர்களைக் கடையின் முன்பக்கம் காற்றோட்டமாக உட்கார வைத்தார்கள். எங்களைப் போன்ற சிலரைப் பின்னால் மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குள், நெடியில் உட்கார வைத்தார்கள். மிளகாய்க்கு அழகு தெரியாது. எல்லாருக்கும் சமமாகத்தான் எரிந்தது. ஆனால் முன்னால் இருந்தவர்கள் தும்மினால் முதலாளி "அச்சச்சோ" என்பார். நாங்கள் தும்மினால் "அங்க என்ன சத்தம்?" என்பார்.

எனக்குப் பதினேழு வயது இருக்கும்போது ஊசிக்காரர் ஊருக்கு வந்தார். அம்மை வராமல் இருக்கக் கையில் குத்துகிற சர்க்கார் ஆள். தகரப் பெட்டியும் சைக்கிளுமாக வருவார். அவர் ஒரு தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் பிள்ளை இருக்காது. பிள்ளைகளைத் தானியம் கொட்டி வைக்கும் குலுக்கைக்குள் இறக்கி மூடி வைப்பார்கள். மாட்டுக்கு அடுக்கி வைத்த சோளத்தட்டைப் படப்புக்குள் சொருகி வைப்பார்கள். ஊசி போட்டால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று பயம். மனிதர் வெயிலில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் எங்கள் வாசலில் வந்து தண்ணீர் கேட்டார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

செம்பை வாங்காமல் என் முகத்தையே பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட முதல் ஆம்பளை அவர்தான்.

"அடேயப்பா, அருமையான தழும்பு!" என்றார். அப்புறம் அம்மாவிடம், "அக்கா, இந்தப் பிள்ளைய என்னோட ஊர் ஊருக்கு அனுப்புங்க. கூலி குடுத்துர்றேன். சும்மா வந்து நின்னாப் போதும்" என்றார்.

"என்ன வேலை?"

"நிக்கிற வேலைதான். ஊசி போடாட்டி இப்பிடி ஆயிரும்னு சனங்களுக்குக் காமிக்கணும்."

அம்மா விளக்குமாற்றை எடுப்பாள் என்று நினைத்தேன். நான் முந்திக்கொண்டு, "முன்னால நிக்கணுமா, பின்னால நிக்கணுமா?" என்று கேட்டேன்.

"முன்னாலதாம்மா! எல்லாருக்கும் தெரியணும்ல!"

"அப்ப வாரேன்" என்றேன். "பேர எழுதிக்குவீகளா?"

"எதுல?"

"ரிஜிஸ்டர்ல."

"இப்பத்திக்கு இல்ல. நல்லா வேலை பாத்தீன்னா ஆஸ்பத்திரியில சொல்லி ஏத்திவிடுறேன்" என்றார். அதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். கூலி எவ்வளவு என்று அம்மாதான் கேட்டாள்.

வயசுப் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது என்று அம்மாவும் தூக்குவாளியில் கஞ்சியோடு கூடவே வந்தாள். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் போவார். நாங்கள் பின்னால் நடப்போம். ஊர்ச் சாவடியில் என்னை ஏற்றி நிறுத்தி, "பாத்துக்கங்க! நல்லாப் பாத்துக்கங்க! ஊசி வேணாம்னு ஓடுனா ஒங்க பிள்ளைக கதியும் இதுதான்!" என்று கூவுவார். நான் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டுவேன். பின்வரிசையில் இருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும் அல்லவா? என்னைப் பெற்றவள் சாவடித் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, தூக்குவாளி மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பாள்.

மூன்று ஊர் இப்படிப் போனது. கொஞ்சம் பிள்ளைகள் கிடைத்தார்கள். நாலாவது, பரளச்சிக்குத் தெற்கே ஒரு ஊர். அங்கேதான் வினை வந்தது.

அவர் வழக்கம்போலக் கூவி முடித்தார். வயதான ஒரு பொம்பளை எழுந்து வந்து என்னைக் கிட்டத்தில் பார்த்தாள். விரலால் என் கன்னத்தைத் தடவினாள். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

"ஏத்தா! எம்புட்டு முத்து வாங்கியிருக்கா! ஆத்தாளே வந்து நின்னாப்புல இருக்கே!"

அவ்வளவுதான். ஒருத்தி மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து என் காலில் ஊற்றினாள். ஒருத்தி வேப்பங்கொத்தை ஒடித்து என் கையில் கொடுத்தாள். என் காலில் விழுந்து எழுந்த ஒருத்தி, "எம் மகளுக்கு இன்னும் ஆளு அமையலை, எப்ப தாயி அமையும்?" என்று கேட்டாள். எனக்கே அமையாமல் நான் சாவடியில் நிற்கிறேன், அது அவளுக்குத் தோன்றவில்லை.

ஊசிக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. "ஏ அம்மா, நான் பயப்படச் சொன்னா நீங்க கும்பிடுறீகளே! ஊசி போடாட்டி இப்பிடி ஆகும்னேன்!"

"ஆகட்டுமே" என்றாள் கிழவி. "இம்புட்டு முத்தும் போட்டு ஆத்தா இவள உசுரோடதான வச்சிருக்கா? நல்லாத்தான நிக்கிறா? அப்ப எங்க பிள்ளைகளையும் அவ பாத்துக்குவா. ஒம்ம ஊசிய எடுத்துட்டுப் போமய்யா."

கூட்டமே தலையாட்டியது. நியாயம்தானே. உயிரோடு இருக்கிறவளைக் கொண்டுவந்து காட்டினால் வேறு என்ன நினைப்பார்கள்? மனிதர் பெட்டியை மூட ஆரம்பித்தார். என்னைப் பார்த்து மெதுவாக, "உன்னால ஒபத்திரவந்தான். நாளையிலருந்து வேணாம்மா" என்றார்.

என் பெயர் ரிஜிஸ்டருக்குப் போகிற வழி பெட்டியோடு சேர்ந்து மூடிக்கொண்டிருந்தது. எனக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஆச்சி, எம் பக்கத்துல ஒருத்தன் படுத்திருந்தான்" என்றேன்.

கிழவி நிமிர்ந்தாள்.

"எந் தம்பி. மூணு வயசு. ஒரே பாயி, ஒரே வேப்பங்கொல. எனக்குப் போட்ட அதே முத்த அவனுக்கும் போட்டா. இவரு அவனக் கூட்டிட்டு வந்து காமிக்க மாட்டாரு. அவன எங்க போயித் தேடுவாரு? அதான் என்னயக் காமிக்கிறாரு."

யாரும் சாமியாடவில்லை, அழவில்லை. ஒரு பொம்பளை எழுந்து வீட்டுக்குள் போனாள். குலுக்கையின் மூடியைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. உடம்பெல்லாம் கம்மந்தூசியோடு ஒரு பையனை இழுத்துக்கொண்டு வந்தாள். அப்புறம் படப்பிலிருந்து இரண்டு, பரணிலிருந்து ஒன்று. கிழவி எல்லாருக்கும் முன்னால் தன் கையை நீட்டினாள். "எனக்கு மொதல்ல குத்து" என்றாள். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். குத்தினார்.

அவருக்கு அன்று கொண்டாட்டம். திரும்பி வரும்போது சைக்கிளில் ஏறாமல் எங்களோடு நடந்தே வந்தார். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா? அடுத்த ஊருல கூட்டம் சேந்ததும் தம்பி கதையச் சொல்லிரு. கொஞ்சம் கண்ணக் கசக்கிக்கிட்டுச் சொல்லு" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா இருபது அடி பின்னால் வண்டிப்பாதை ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். தூக்குவாளி பக்கத்தில் கிடந்தது. அவன் போன பிறகு அவள் காதுபட யாரும் அவனைப் பற்றிப் பேசியதில்லை. முதலில் பேசியவள் நான், அதுவும் வேலைக்காக.

"சார், எம் மூஞ்சிய எத்தன ஊருக்கு வேணும்னாலும் காமிங்க. அவன இனிமே கூட்டிட்டு வர மாட்டேன்" என்றேன்.

"அப்ப கும்பிடுவாகளே?"

"கும்பிடட்டும். கும்பிடுறப்ப கைய நீட்டத்தான செய்றாக? நான் பிடிச்சுக்கிறேன், நீங்க குத்துங்க."

அப்படித்தான் ஆனது. முத்து வாங்கினவள் பிடித்தால் வலிக்காது என்று அவர்களாகவே ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். நான் மறுக்கவில்லை. வீரசோழன் வரைக்கும் போனோம். அங்கே இருந்த முஸ்லிம் சனங்கள் என்னைக் கும்பிடவில்லை, முதலில் நாற்காலி போட்டார்கள், பிறகு பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். அதுவும் எனக்குப் புதுசாகத்தான் இருந்தது. எத்தனை கைகளைப் பிடித்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அழகைப் பார்த்து யாரும் பிள்ளையை என் மடியில் போடவில்லை என்பது மட்டும் தெரியும்.

சில வருஷத்தில் அம்மையே ஒழிந்துபோனது என்றார்கள். ஊரெல்லாம் சந்தோஷம். வேலை போனது என் மூஞ்சிக்கு மட்டும்தான்.

ஊசிக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், பாதி. எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஓர் ஆயா வேலை இருந்தது. டாக்டரிடம் சொல்லி என்னை அனுப்பினார். போனால், அதே வேலைக்கு என் அத்தை மகளும் வந்து உட்கார்ந்திருந்தாள். கட்டிக்கொடுத்த இடத்தில் வாழாமல் திரும்பி வந்திருந்தாள். டாக்டர் எங்களைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, எல்லாம் கிளார்க்குதான். அவர் எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். பரீட்சை முடிந்தது.

"மாசமா இருக்கிற பொம்பளைக வார எடம்மா இது" என்று என்னிடம் நயமாகச் சொன்னார். "ஒன்னயப் பாத்துட்டு, பிறக்கிற பிள்ளை... ஒனக்கே தெரியும். வேணும்னா பின்கட்டுல தெனக்கூலிக்கு இரு. தண்ணி எடுக்கணும், ஊசி அவிக்கணும், துணி அலசணும்."

"ரிஜிஸ்டரு?"

"தெனக்கூலிக்கு என்ன ரிஜிஸ்டரு? நீ வந்தா வந்த, போனாப் போன."

நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மடியில் வைத்துப் பிடித்தவளைப் பார்த்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று சர்க்கார் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். படித்தவர், சரியாகத்தான் இருக்கும். நான் பின்கட்டுக்குப் போனேன். அத்தை மகள் முன்னால் மேசையில் சீட்டுக் கொடுக்க உட்கார்ந்தாள்.

அவள் உட்கார்ந்த வாரத்திலிருந்து சுற்றுப்பட்டு ஊரில் ஆம்பளைகளுக்கு உடம்பு கெட்டுப்போனது. மீசை முளைத்தவன், நரைத்தவன், எல்லாருக்கும் தலைவலி. மல்லாங்கிணற்றிலிருந்துகூட ஒருத்தன் பஸ் ஏறி வந்து முதுகைக் காட்டினான். சீட்டை வாங்கும்போது விரலையும் சேர்த்துப் பிடிப்பார்கள். கிளார்க்கு தினம் மூன்று தடவை பேனாவை அவள் மேசைக்கடியில் தவறவிட்டுக் குனிந்து தேடுவார். மத்தியானம் அவள் பின்கட்டுக்கு வந்து, ஊசி அவிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் மூச்சுமுட்ட உட்கார்ந்துகொள்வாள்.

"குடுத்து வச்சவடி நீ" என்றாள் ஒரு நாள். "ஒருத்தனும் ஒன்னயப் பாக்க மாட்டான்."

"மாத்திக்கிருவமா மதினி?" என்றேன்.

"இப்பவே!" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சின்ன வயசிலிருந்து அவள் மேல் நான் வைத்திருந்த கோபத்தில் பாதி அந்த அடுப்பில் போனது. பாதியை வைத்துக்கொண்டேன். அவள் ரிஜிஸ்டரில் இருந்தாள் அல்லவா?

நாலு வருஷம் போனது. ஜில்லாவிலிருந்து பெரிய ஆபீசர் வருகிறார் என்று சேதி வந்தது. ஆஸ்பத்திரியைக் கழுவினோம், வாசலில் மாவிலை கட்டினார்கள். கிளார்க்கு பின்கட்டுக்கு வந்து, "நாளைக்கு நீ ஊருணித் தண்ணி கொண்டாந்துரு. அவுக போற வரைக்கும் இந்தப் பக்கமே இரு, வெளிய வந்துறாத" என்றார்.

எனக்கு இருபத்தாறு இருபத்தேழு வயது. எட்டு வயதில் காதில் விழுந்தது அப்படியே திரும்பி விழுந்தது. சிரிப்புக்கூட வந்தது. இத்தனை வருஷத்தில் இவர்கள் வேறு ஒரு யோசனை கண்டுபிடித்திருக்கக் கூடாதா?

அதே மாதிரி உள்ளே இறங்கி, தெளிந்த தண்ணீராக மோந்து, வடிகட்டி, செம்பில் எடுத்துக்கொண்டு வந்தேன். டாக்டர் அறைக்கு ஒரு பச்சைத் திரை போட்டிருந்தது. அதன் முன்னால் கிளார்க்கு நின்றிருந்தார்.

"அங்கனயே நில்லு" என்றார். மேசைப் பக்கம் திரும்பி, "ஏம்மா, நீ வாங்கி உள்ள குடுத்துட்டு வா."

அத்தை மகள் எழுந்தாள். என்னைப் பார்த்தாள், செம்பைப் பார்த்தாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"கையெல்லாம் மருந்துக் கறையா இருக்கு சார். செம்புல ஒட்டிக்கிரும்" என்றாள். அவள் மருந்தைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

"என்னது கறை?" என்று கிளார்க்கு திரும்பினார். அந்த நேரத்தில் அவள் முழங்கையால் திரையை விலக்கினாள். நான் உள்ளே போய்விட்டேன்.

ஆபீசர் மேசையில் ரிஜிஸ்டரைத்தான் விரித்து வைத்திருந்தார். செம்பை வாங்கி அண்ணாந்து முழுவதும் குடித்தார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"யாரு இது?"

"தண்ணி கொண்டு வர்ற பொம்பளைங்கய்யா" என்றபடி கிளார்க்கு பின்னாலேயே வந்துவிட்டார். இவர்கள் எல்லாம் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்களோ என்னவோ.

"தண்ணி மட்டும் இல்லய்யா" என்றேன். "ஊசி அவிக்கிறேன், துணி அலசுறேன். அதுக்கு முன்னாடி ஊர் ஊராப் போயி அம்ம குத்தையில பிள்ளைகளப் பிடிச்சிருக்கேன். இங்கன நாலு வருசமாத் தெனம் வாரேன். அதுல நான் இல்ல."

ஆபீசர் ரிஜிஸ்டரைப் பார்த்தார், கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க்கு குழைந்துகொண்டு, "அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுங்கய்யா, அதான்..." என்று இழுத்தார்.

"தெரியும்" என்றேன்.

ஆபீசர் பேனாவை என் பக்கம் உருட்டிவிட்டார். நான் நின்றபடியே குனிந்து எழுதினேன். என் பெயரில் ஆறு எழுத்து. பதினெட்டு வருஷமாக எழுதாத கை. இரண்டாவது எழுத்தின் கால் கொஞ்சம் நீண்டுபோனது. அதைச் சரிசெய்தேன். நாலாவது எழுத்துக்கு எந்தப் பக்கம் சுழி என்று யோசித்தேன். யோசித்து முடிக்கிற வரைக்கும் ஆபீசரும் டாக்டரும் கிளார்க்கும் நின்றும் உட்கார்ந்தும் காத்திருந்தார்கள். எனக்கு ஓர் அவசரமும் இல்லை. தேதிக்கு நேராகக் கட்டத்துக்குள் அடங்க எழுதி முடித்துப் பேனாவை மேசையில் வைத்தேன்.

ஆபீசர் என்னைப் பாராட்டவில்லை. கன்னத்தைத் தட்டவில்லை. தட்டியிருந்தால் அவருக்குத்தான் கை உரசியிருக்கும். பார்வையிட்டதற்கு அடையாளமாக அந்தப் பக்கத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். என் பெயருக்குக் கீழேதான் இடம் இருந்தது. பச்சை மையில் போட்டார். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஜீப்பு ரோட்டைத் தொடுவதற்குள் கிளார்க்கு ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார்.

"என்ன காரியம் பண்ணியிருக்க! பச்ச மையி விழுந்துருச்சே! இனிமே இத அடிக்கவும் முடியாது, கிழிக்கவும் முடியாது!"

"நான் நாளைக்கு வரலாமா, வேணாமா சார்?"

அவர் யோசித்தார். நான் வராவிட்டால், ரிஜிஸ்டரில் இருப்பவள் ஏன் வரவில்லை என்று மேலே எழுதி அனுப்ப வேண்டும். வந்தால் ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தால் போதும். உழைப்புக்கு அஞ்சிய மனிதர், என் அதிர்ஷ்டம். "வந்து தொலை" என்றார். அளவுகோலை எடுத்து என் பெயருக்கு நேரே மாசக் கடைசி வரைக்கும் கோடு கிழித்தார். கோடு கோணலாகப் போனது. என்னை நிரந்தரம் ஆக்கிக் காகிதம் வர மேலும் சில வருஷம் பிடித்தது. ஆனால் அந்த மாசத்திலிருந்து ஒரு நாள்கூட நான் வந்தும் வராதவளாக இருந்ததில்லை.

அம்மா ஒரு தரம் ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்க வந்தாள். ரிஜிஸ்டர் மேசையில் கிடந்தது. "எது ஒம் பேரு?" என்று கேட்டாள். காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏன் எல்லாருக்கும் கடைசியில போட்டிருக்கான்?" என்றாள்.

"ஒசரம் பாத்துப் போட்டிருப்பாகம்மா" என்றேன்.